பத்தாவது ஜோடி

பேரணாம்பட்டில் என் பட்டறையில்
பத்துத் தையல் மிஷின்.
வருகைப் பதிவேட்டில் ஒன்பது பெயர்.

கணக்கர் சொல்லித்தான் செய்தேன் என்று
எழுதி, அடித்துவிட்டேன்.
நானேதான் செய்தேன்.
பத்தாவது பெயரை எழுதினால் ஈ.எஸ்.ஐ.
நூற்றுக்கு மூன்றேகால், பத்துப் பேருக்கும்.
ஆம்பூர்க் கம்பெனி ஜோடிக்குக் கூட்டித் தந்தது
மூன்று வருஷத்தில் ஒரே தடவை.

சித்திரைக் கடைசியில் வேலூரிலிருந்து
ஆய்வாளர் அம்மா வந்தார்.
ஜீப் சத்தம் கேட்டதுமே அம்சவேணி எழுந்தாள்.
யாரும் சொல்லவில்லை, பழக்கம்தான்.
பாதி தைத்த ஷூ அப்பரைப்
பக்கத்து மிஷினில் வைத்துவிட்டு
மாடிப்படி ஏறிப்போனாள்.

"ஒன்பது பேர்தானே?"
"ஒன்பதுதாங்க."

சம்பளச் சீட்டு, ஓவர்டைம் கணக்கு,
கழிப்பறைத் தாழ்ப்பாள்,
முதலுதவிப் பெட்டியில் காலாவதியான டிஞ்சர்,
எல்லாம் பார்த்தார், குறித்துக்கொண்டார்.
மோர் வேண்டாம் என்றார்.

தோலில் மண் ஒட்டும் என்று
எல்லாச் செருப்பும் எங்களுக்கு வாசலோடு.
தன்னுடையதைத் தேடிக் குனிந்தவர்
குனிந்தபடியே நின்றுவிட்டார்.
உதடு அசைந்தது.
நானும் எண்ணினேன்.
அவருடையது போக, என்னுடையது போக,
பத்து ஜோடி.

மணி ஒன்றரை.
நம்மூர் வெயில், சிமெண்டுத் தளம்.
ஜெர்மனியில் யாரோ ஒருவரின் காலுக்குத்
தைக்கிறவள்
மேலே வெறுங்காலோடு.

ஆய்வாளர் ஒன்றும் கேட்கவில்லை.
பேனாவை மட்டும் மறுபடி திறந்தார்.
நான்தான் படியடிக்குப் போய்க் கூப்பிட்டேன்,
"அம்சவேணி, இறங்கி வாம்மா."

மேலிருந்து, தாழ்ந்த குரலில்:
"போயிட்டாங்களா, பாய்?"