அறுந்த வரி

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில்
பதினொரு வருஷமாக ராத்திரிச் சாவி நான்.
பகல் நாற்காலி வேண்டுமென்றால்
இங்கிலீஷ் பேசணும் என்றார் முதலாளி.

டவுன்ஹால் ரோட்டில் கட்பீஸ் கடைக்கு மேலே
மாசம் எண்ணூறு, மாலை ஐந்திலிருந்து ஆறு.
சொல்லித்தரும் பெனிட்டா மிஸ்ஸுக்கு
என் மூத்த மகளைவிட ரெண்டு வயசு கம்மி.
இந்த வாரம் சாப்பாட்டுச் சொலவடை,
ஒரு ஜெராக்ஸ் தாள் நிறைய.

‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் சுலபமாம்.
“நம்மூர்ல அல்வா சாப்பிடுற மாதிரி” என்றான்
ஈப்போவுக்கு விசா போட்டிருக்கும்
பரோட்டா மாஸ்டர் மொக்கச்சாமி.
“அல்வா குடுத்தா?”
கொரியர் ஆபீஸ் நூர்நிஷாதான் கேட்டது.
அது வேற, என்றோம் எல்லாரும் ஒரே குரலில்.
மிஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பீன்ஸைக் கொட்டினால் ரகசியம் வெளியே வந்துவிடுமாம்.
பரவை மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாய்க் கொட்டுறாய்ங்க,
ஒரு ரகசியமும் வந்து நான் பார்த்ததில்லை.

காரியம் ஆக அவர்கள் வெண்ணெய் தடவுகிறார்கள்,
நாம் ஐஸ் வைக்கிறோம்.
அவர்கள் ஊர் குளிர், நம்ம ஊர் வெயில்.

‘ஹாஃப் பேக்ட்’ வந்தபோது மட்டும்
வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.
அரைவேக்காடு!
அங்கேயும் அடுப்பு பாதியில்தான் காலை வாருகிறது.

நான் மாட்டிக்கொண்டது உப்பில்.
ஒருத்தர் சொல்வதை
ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள் என்றால்
முழுசாய் நம்பாதே என்று அர்த்தமாம்.
முதலாளியின் உப்பைப் பதினொரு வருஷம் தின்றவன்
பகல் நாற்காலியை நினைத்துக்கொண்டேன்.
வெளியே சொல்லவில்லை.
பீன்ஸ் என்னிடமே இருக்கட்டும்.

தாளின் கடைசி வரி ஜெராக்ஸில் அறுந்திருந்தது.
எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது.

வியாழன் ராத்திரி ஒன்றரை மணி.
முன்னூற்று நாலிலிருந்து தண்ணீர் கேட்டு மணி.
லிஃப்ட் வழக்கம்போல. ஏறினேன்.
அந்த வெளிநாட்டம்மா அறைக்குள் இல்லை,
கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்,
போன் மடியில், மூக்கு சிவந்து.
‘எனி ப்ராப்ளம் மேடம்’ என்றேன், படித்ததை வைத்து.
ஏதேதோ சொன்னார்.
எனக்குப் பிடிபட்டது மூன்றே மூன்று:
என். தட்டு. நிறைய.

எச்சில் தட்டை எடுக்கவில்லை போல என்று
ரூம் பாய் கருத்தமாயனை மனசுக்குள் வைதபடி
திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தேன்.
தட்டே இல்லை.
பிரிக்காத ஒரு பிஸ்கட் பாக்கெட்,
அவ்வளவுதான்.

தட்டு இல்லாமல் தட்டைச் சொல்லி அழுகிறவர்
வேறு எதற்கு அழுவார்?
லாட்ஜைப் பூட்டாமல் ஓடினேன்.
மேலமாசி வீதி முக்கு வண்டிக்கடையில்
அப்போதுதான் ஈடு இறக்கியிருந்தார்கள்.
நாலு இட்லி, மூணு சட்னி.
மூச்சு வாங்க வந்து, ஸ்டாஃப் எவர்சில்வர் தட்டில் வைத்து
இரண்டு கையாலும் நீட்டினேன்.

தட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
முதலில் சிரிப்பு, அப்புறம் பெரிய அழுகை,
அதற்கப்புறம் வந்த கண்ணீர் காரச் சட்னிக்கு.
நாலையும் சாப்பிட்டார்.
ஏன் அழுதார் என்று நான் கேட்கவில்லை,
அதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை.
பில்லில் ஏற்றவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த அறுந்த வரியைக் கேட்டேன்.
தட்டில் நிறைய இருக்கிறது என்றால்
தலைக்கு மேல் பாரம், தாங்க முடியவில்லை
என்றார் மிஸ்.
“தட்டு நிறைஞ்சா கஷ்டமா?
எத்தனை தலைமுறை சாப்பிட்டிருந்தா
இப்படிப் பேச வரும் மிஸ்?”
மொக்கச்சாமி கிண்டலாய்க் கேட்கவில்லை,
அதனால் யாரும் சிரிக்கவில்லை.

நோட்டில் எழுதிக்கொண்டேன்.
எழுதும்போதுதான் உறைத்தது.
ஒருநாள் முன்னாலேயே இது தெரிந்திருந்தால்
‘ஸாரி டு ஹியர் தட், மேடம்’ என்று
ஒரு பிழையில்லாமல் சொல்லிவிட்டு
கீழே இறங்கி வந்திருப்பேன்.