யளனக

முதலில் போனது சுண்டுவிரலின் ய.
அடித்தேன், விழவில்லை.
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன்:
இரண்டு சோற்றுப் பருக்கை, ஒரு எறும்பு.
தம்புச் செட்டித் தெருவில், மாடிப்படிக்கு அடியில்,
பதினேழு வருஷமாக ஊரார் மனுக்களை அடிப்பவள் நான்.
பக்கத்து ஜெராக்ஸ் கடை சந்தானகோபால்
புதுக் கீபோர்டு ஒன்று இரவல் தந்தார்.
அதிலும் விழவில்லை.

மாசி முடிவதற்குள் ள.
ன மட்டும் கொஞ்ச நாள் பிடிவாதம் பிடித்தது.

கால்களுக்கு ஏற்கெனவே சான்றிதழ் உண்டு.
ஐம்பத்தைந்து சதவீதம்.
பள்ளியில் கணக்குக்கு வாங்கியதைவிட இருபது அதிகம்.
அதை வைத்துத்தான் மாதாமாதம் பணம் வருகிறது.
வந்ததும் கேஸுக்கும் மாத்திரைக்கும் போய்விடும்,
என்னிடம் நின்று ஒரு வார்த்தை பேசாது.

இப்போது கையும் என்று சொல்ல வேண்டும்.
சொன்னால் மறுபடி போர்டு.
"போர்டுக்குப் போனா கூடும்னு யாரு சொன்னது?
கொறைச்சும் போடுவாங்க" என்றார்
ராஜாஜி சாலை ஆபீஸ் கிளார்க்.
கெட்டவரில்லை. நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தவர்.
"பணம் வந்துட்டுதானேம்மா இருக்கு?
நீயா எதுக்குப் போய்ச் சொல்ற?"

எதுக்கு.
ஷாகுலின் ஆட்டோ பேசின் பிரிட்ஜ் தாண்டும்வரை
அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தேன்.

பட்டா மாற்ற, வாரிசுச் சான்றுக்கு,
காணாமல்போன கணவனைத் தேடித்தர
எத்தனை ஐயாக்களுக்கு அடித்திருப்பேன்.
என் மனுவின் ஐயாவில் ஒரு ய குறைந்தது.
வலது கையைக் குறுக்கே நீட்டி அடித்தேன்,
அடுத்த மாடியில் விழுந்த துணியை
எட்டி எடுப்பதுபோல்.

'நாளுக்கு நாள் மோசமடைந்து வருகிறது.'
விரல் தானாக அடிக்கும் வாக்கியம் அது.
நாளுக்கு நாள் எல்லாம் இல்லை.
காலையில் நன்றாகவே இருக்கும்.
மத்தியானம் டம்ளர் நழுவும்.
சாயங்காலம், சாவி பூட்டைத் தேடும்.
மனுவில் மத்தியானத்துக்கு இடம் கிடையாது.

ஸ்டான்லி. புதன்கிழமை. டோக்கன் ஐந்து.
காலை ஒன்பதே முக்கால்.

"பேனாவை எடுங்க." எடுத்தேன்.
"மூக்கத் தொடுங்க." தொட்டேன்.
"நல்லாத்தானே செய்றீங்க!"
ஆண்டுவிழா மேடையேறிய பிள்ளை மாதிரி
அத்தனையும் செய்து என் மானத்தை வாங்கியது கை.
வெட்கமில்லாமல் எனக்குள் ஒரு பெருமை வேறு.

கீழே போட்டிருக்கலாம்.
தினமும் போடுவதுதானே.
தானாக விழுந்தால் நோய்,
வேண்டுமென்று விட்டால் பொய்.
தரைக்கு இரண்டும் ஒரே சத்தம்.
போடவில்லை.

பெரிய டாக்டர் எழுதத் தொடங்கினார்.
சுவரோரம் நின்ற பயிற்சி டாக்டர்,
இடுப்பு வரைக்கும் பின்னல் போட்ட சின்னப் பெண்,
கேட்டாள்:
"முடிய எப்பக்கா வெட்டுனீங்க?"

சித்திரையில்.

"ஏன்?"

ஊருக்கெல்லாம் சொன்ன பதில்
நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெயிலுக்கு.
வந்தது வேறு.
"பின்ன முடியல."

பேனா நின்றது.
முதல் தாளைக் கிழித்துப் போட்டார் பெரியவர்.
கொக்கி போட முடிகிறதா, சோறு பிசைய,
பல் பேஸ்ட்டைப் பிதுக்க என்று
மத்தியானங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

எண்பது.

"கூடிருச்சும்மா, நல்ல சேதி" என்ற கிளார்க்
அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பரவாயில்லை, எனக்கும் சிரிப்புதான் வந்தது.
அப்பா இருந்தால் மிட்டாய் வாங்கியிருப்பார்,
எண்பது என்றால் எதில் என்று கேட்காமலே.

ஆக,
அரசுக்குத் தெரியும். மூன்று டாக்டர்களுக்குத் தெரியும்.
வட்ட முத்திரைக்கும் ஷாகுலுக்கும் தெரியும்.
தாம்பரத்தில் என் தங்கைக்குத் தெரியாது.
'முடி வெட்டுனதும் வயசே கொறஞ்சிருச்சு பியூலாக்கா'
என்று வீடியோ காலில் கத்தியவள்.

வலது கட்டைவிரலால் பெயரைத் தேடுகிறேன்.
மணி போகிறது.
எடுத்துவிட்டாள், பின்னால் குக்கர் சத்தம்.

டெய்சி,
வெயிலுக்கு இல்லடி.