கண்ணுக்கு எட்டும் தூரம்

டுலூத்தில் பிப்ரவரி.
நிலவறைப் படியில் என் பூட்ஸின் பனி
எனக்கு முன்னால் கரைந்து இறங்குகிறது.
கொதிகலன் புதுசு. விலைச்சீட்டைக்கூட
இன்னும் கிழிக்கவில்லை ஹால்வர் க்விஸ்ட்.

இதற்கான பிரேக்கர் எங்கே என்றேன்.
சுவருக்கு அந்தப்பக்கம், கராஜில்;
இப்போதுதான் அணைத்துவிட்டு வந்தேன் என்றார்.
டேப்பை இழுக்கவே வேண்டாம், ஐம்பது அடிக்குள்தான்.
ஆனால் சுவர் சுவர்தானே.
கொதிகலன் முன் மண்டியிட்டவன்
தலை திருப்பினால் பிரேக்கர் தெரிய வேண்டும்.
தெரியாதா, அதற்கொரு பூட்டு வேண்டும்.
அவ்வளவுதான் விதி.

"தனிக்கட்டை நான். யார் வந்து போடப்போகிறார்கள்?"
சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றினார்.
நான் சிவப்புச் சீட்டை எடுத்தேன்.
வண்டியில் கிடந்த பேனா உறைந்திருந்தது.
உள்ளங்கையில் உருட்டி ஊதினேன்.

மேலே கதவுச் சத்தம். குழாய்ச் சத்தம்.
"அப்பா, பச்சைத்தண்ணிதான் வருது!"
ஃபார்கோவிலிருந்து பனியில் நாலு மணி நேரம் ஓட்டிவந்த மகள்.
சொல்லாமல் வந்திருக்கிறாள், கேக் வாங்கிக்கொண்டு.
கராஜை நோக்கி ஓடும் காலடி.
நான் கத்தினேனா, நினைவில்லை.

டக்.

கம்பியருகே நீட்டியிருந்த என் சோதனைக்கோல்
சிவந்து கீச்சிட்டது.
க்விஸ்டின் திருப்புளி
அதற்கு இரண்டு விரற்கடை இப்பால்
அப்படியே நின்றது.

"இப்ப சூடாகுதா, அப்பா?"
சுவர் வழியே குரல் மட்டும் வந்தது,
அத்தனை பிரியமாய்.

அவர் பதில் சொல்லவில்லை.
திருப்புளியைத் தரையில் வைத்தார்,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல.
பேனா எழுத ஆரம்பித்திருந்தது.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
அந்தப் பூட்டு, என்ன விலை இருக்கும்?