ஒட்டுத்தலை

முதல் இருநூறு தாளும் விற்றுத் தீர்ந்த வாரம்
எனோகியாக் கடைப்பையன் மூச்சிரைக்க வந்து சொன்னான்:
"தலையை மாற்ற வேண்டுமாம்."

யார் தலையை என்று நான் கேட்கவில்லை.
ஹனாகி தொமேஜிரோ
மாளிகைப் பெண்ணொருத்தியோடு படகில் பிடிபட்ட கதை
மீன்சந்தை வரைக்கும் நாறிக்கொண்டிருந்தது.
எடோவில் இனிக் கால் வைக்கக் கூடாதென்று தீர்ப்பு.
கபுகி மேடையில் பெண்நடை நடந்தே பழகிய கால்
அன்றிரவே எல்லை தாண்டிப் போயிற்று.

படத்தில் அவன்
ஓயி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான்.
நான்கு சுமையாட்களின் தோளில், பலகைமேல்,
மடக்கிய குடை மடியில் கிடக்க
கனாயாக் கரையைப் பார்த்தபடி.

நான் அந்த ஆற்றைப் பார்த்ததில்லை.
ஷினகாவாவுக்கு அப்பால் என் செருப்பு போனதில்லை.
ஆனால் அதன் ஒவ்வோர் அலையும்
என் கத்திமுனையில் புரண்டதுதான்.
அவன் காதோர மயிர் ஒவ்வொன்றும்
மூச்சைப் பிடித்து நான் விட்டுவைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும்.
அச்சுப்பலகையில் எல்லாம் இடம்வலம் மாறி இருக்கும்.
தாளில் கனாயாவைப் பார்ப்பவன்
மரத்தில் எடோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
அந்த முகத்தைத்தான் நான் தோண்டி எடுத்தேன்.

கழுத்தோடு உளியை இறக்கி
நான்கு தட்டு.
உப்பிலிட்ட பிளம் அளவில் பெயர்ந்து வந்தது தலை.
அந்தக் குழியில் புதுச் செர்ரிக்கட்டை ஒன்று,
அதில் குசுமி ஷிகேனோசுகேயின் தடித்த மோவாய்.
விளிம்பில் ஈரத்துணி வைத்தேன்.
ஊறிய மரம் மரத்தைக் கவ்விக்கொண்டது.

எண்பது தாள் அடித்ததும்
யாசோகிச்சி தேய்ப்பானைக் கீழே வைத்தான்.
"கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது."
மயிரிழைதான்.
"எவன் பார்க்கப் போகிறான்?" என்றார் முதலாளி.
எவனும் பார்க்கவில்லை. நன்றாகவே விற்றது.

பழைய தலையை
ஆடும் மேசைக்கு முட்டுக் கொடுத்தாள் என் மனைவி ஓரிசே.
பிறகு பல் முளைக்கிற மகள்
எங்கிருந்தோ அதை உருவி எடுத்து
ஒரு கோடை முழுக்கக் கடித்தாள்.

மூன்றாம் வசந்தத்தில் மன்னிப்பு வந்தது.
அவனே பட்டறைக்கு வந்தான்.
வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி,
பேச்சில் ஏதோ மேற்கத்தி இழுப்போடு.
கோயில் முற்றங்களில் ஆடினானாம்,
அரிசிக்கும் சில நாள் வெறும் கைதட்டலுக்கும்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"அங்கி என்னுடையது. கையும் என்னுடையது.
இந்த மோவாயை யார் இரவல் கொடுத்தது?"
சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டையை எடுத்து நீட்டினேன்.
மூக்கின்மேல் நான்கு சின்னப் பல்தடம்.
கட்டைவிரலால் தடவிக்கொண்டே சொன்னான்:
"ஆழத்துக்கு ஏற்ற கூலி கேட்பார்கள் அங்கே.
தொடையளவுக்கு ஒன்று, இடுப்பளவுக்கு ஒன்று.
என்னிடம் எந்த அளவுக்கும் காசில்லை.
காவலர் கண்ணில் படாமல்
மேலே போய், இருட்டில், நடந்தே இறங்கினேன்.
தண்ணீர் இதுவரை."

விரலால் கழுத்தில் கோடிழுத்துக் காட்டினான்.
நான் உளி இறக்கிய அதே இடம்.

கட்டையை அங்கிக் கைக்குள் போட்டுக்கொண்டான்.
விலை பேசவில்லை, நன்றியும் சொல்லவில்லை.
உள்ளேயிருந்து யாசோகிச்சி கத்தினான்,
நீலம் காய்கிறது,
அடுத்த பலகை எங்கே என்று.