உறவு: தம்பி

பதினொரு மாதம் கண்ணை மூடிக்கொண்டுதான்
அக்காவைக் குளிக்க வார்த்தேன்.
கைக்கு வழி பழகியிருந்தது:
தோள், முதுகு, முழங்காலின் பின்பக்கம்.
மிச்சத்துக்குத் துணியை அவளுடைய நல்ல கையில் திணித்துவிட்டுத்
திரும்பி நின்று சுவரின் ஓடுகளை எண்ணுவேன்.
எழுபத்திரண்டு. ஒன்று வெடித்தது.
அந்த நேரம் பார்த்து அவள்
பெட்ரோல் விலையைப் பற்றிக் கதைப்பாள்.

பிசியோவுக்குப் போன இடத்தில்
வரவேற்பில் இருந்த பிள்ளை ஓர் எண்ணை எழுதித் தந்தது.
மூன்று கிழமை அது என் பர்ஸில் கிடந்தது
விழாத லொத்தர் சீட்டைப்போல.
பிறகு எடுத்தேன்.
நாற்பது நிமிடம் பியானோ.
பியானோ முடிய மொழிபெயர்ப்பாளர், மதுரைப் பக்கத்துக் குரல்:
"நீங்க பராமரிப்பாளரான்னு கேக்குறாங்க."

லிஃப்டுக்குப் பராமரிப்பாளர் இருப்பார்.
பூங்காவுக்கு இருப்பார்.
"இல்லை," என்றேன், "நான் தம்பி."

கொஞ்ச நேரம் கீபோர்டின் சத்தம் மட்டும்.
"சார், தம்பிக்கு அவங்ககிட்ட கட்டம் இல்ல.
உறவு என்னன்னு பின்னாடி தனியா கேப்பாங்க.
இப்ப ஆமான்னு சொல்லிடுங்க,
அப்பதான் அடுத்த பக்கம் திறக்கும்."
அவர் சொல்லக்கூடாததைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.
அவர் வீட்டிலும் யாரோ படுத்திருக்கவேண்டும்.

ஆம் என்றேன்.

வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் பார்க்கிறீர்கள்?
வாரத்தில் மொத்தம் எத்தனை இருக்கிறது?
நூற்று அறுபத்தெட்டு.
அதில் டயர்க்கடைக்குப் போற இருபதைக் கழியுங்கோ.
இரவில் எத்தனை தரம் எழும்புவீர்கள்?
நாங்கள் இருக்கிற ஊர் சிட்னியில் தூங்காபி.
பெயரிலேயே இருக்கு என்றேன்.
மதுரை சிரித்தது. ஆங்கிலத்துக்கு அது போகவில்லை.

ஏழாம் கிழமை, ஒரு செவ்வாய்,
வாசலை நிறைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள்.
டொங்காக்காரி. பெயர் மேலே.
"மேலேயோ? அப்ப கீழே ஆர்?"
கட்டிலில் கிடந்தபடி அக்கா கேட்டாள்.
விழுந்த பிறகு அவள் விட்ட முதல் பகிடி.
மேலேக்கு ஒன்றும் விளங்கவில்லை,
என்றாலும் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

பையிலிருந்து வழுவழுவென்று ஒரு நீலத் துணி எடுத்து
அக்காவின் அடியில் செருகி
இழுத்தாள்.
தலைமாடுவரை மீன்போல வழுக்கிப் போனாள் அக்கா.
அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி
நான் முதுகில் சேர்த்த நோவுக்கு
ஒரு முழத்துணி மருந்து இருந்திருக்கிறது.
கோபம்தான் முதலில் வந்தது.

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது.
நான் வெளியே.
இரண்டு மணித்தியாலம், கிழமைக்கு இருமுறை,
கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.
அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?
கோப்பைகளைக் கழுவினேன். கழுவிய கோப்பைகளை.
உள்ளே தண்ணீர் விழுகிறது.
இன்னும் அழுத்தித் தேய் என்று
அக்கா தமிழிலேயே அதட்டுகிறாள்.
மேலே தேய்க்கிறாள்.

காருக்குள் போய் சீட்டைச் சாய்த்தது நினைவிருக்கிறது.

கண்ணாடியில் தட்டி எழுப்பினாள்.
தாளில் கையெழுத்து வேண்டுமாம்.
என் பெயர், பக்கத்தில் அந்தச் சொல்,
அடுத்து உறவு.
ஆங்கிலத்தில் எழுதினேன்.
மூத்தவனா இளையவனா என்று அது கேட்கவில்லை.

ஈரத் தலையோடு கதிரையில் இருந்த அக்கா
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"இண்டைக்கு உன்ர சேட்டு நனையேல்லை."

அன்றிரவும் மூன்று தரம் கூப்பிட்டாள்.
மூன்றாம் தரம் நீலத் துணியை
நானே செருகிப் பார்த்தேன்.
கோணலாகப் போனாள்.
"மேலே, மேலே," என்றாள்.
திசையைச் சொன்னாளா ஆளைக் கூப்பிட்டாளா
தெரியவில்லை.