ஜூ கூன் வரை

சாங்கியில் இரவெல்லாம் பெட்டிகள் ஏற்றி இறக்கி
ஆறே முக்காலுக்குத் தானா மேராவில் ரயில் பிடித்தேன்.
இறங்க வேண்டியது பூன் லே.

கோப்பி ஓ பையை வெளியிலேயே உறிஞ்சி முடித்தாயிற்று,
உள்ளே ஒரு மிடறுக்கும் அபராதம்.
கண்ணுக்குக் கீழே கோடாலித் தைலம்.
எரிந்தது. எரிய எரியத் தூக்கம் வந்தது.
நின்றுகொண்டே போகலாமென்றால்
முழங்கால் ஒப்பவில்லை.

லவெண்டரில் ரயில் மண்ணுக்குள் இறங்கியது,
நானும்.

ரெட்ஹில்லில் வெளிச்சம் அறைந்தபோது
என் தோளில் ஒரு தலை.
தேசிய சேவைப் பையன், ஒட்ட வெட்டிய முடி,
பூட்ஸில் காய்ந்த சேறு,
சட்டையில் 'கோ' என்று பெயர்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
முழுதாக விழித்துக்கொண்டேன்.
தைலம் செய்யாததைத் தலை செய்தது.

பூன் லே வந்தது. கதவு திறந்தது.
எட்டு மணி நேரம்
யார் யார் பெட்டியையோ
அலுங்காமல் இறக்கிய தோளுக்கு
இதை இறக்கத் தெரியவில்லை.
கதவு மூடியது.

ஜூ கூனில் அவன்
கண் திறந்தானோ இல்லையோ,
எழுந்தான், பையை மாட்டினான், போய்விட்டான்.

எதிர் ரயிலில் உட்கார்ந்தேன்.
இரண்டே நிறுத்தம்,
இதற்குப் போய்த் தூங்குவேனா என்று
நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தால்
ஜன்னலில் விமானம் ஒன்று
தாழப் பறக்கிறது.
தானா மேரா.