பதினெட்டு முதல் நூற்று நாற்பது

முந்நூறு வரை நீளும் லென்ஸைத்தான் கேட்டு வந்தேன்.
"சின்ன சென்சாருக்கு ஒண்ணரை மடங்கு,
நானூத்தம்பதுன்னு வச்சுக்கிடுங்க" என்றார் காஜா மைதீன்.
"கடைசியில படம் லேசா குழையும்.
வெயில்ல தெரியாது."
இந்த ஊர் வெயிலில் தெரியாதது உண்டா?

வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு
இரண்டு லென்ஸோடும் ஈரடுக்குப் பாலத்தில் ஏறினேன்.

பதினெட்டில் ஜங்ஷன் முழுக்க அடங்கியது,
தென்காசி பஸ்ஸும் கரும்புச்சாறு வண்டியும்
ஒரு துண்டு தண்டவாளமும்.
நூற்று நாற்பதில் ஓர் ஆள்.
கேரியரில் பனங்கிழங்குக் கட்டு, காதோரம் நரை.

அண்ணன்.
வாய்க்கால் வரப்புத் தகராறு, பேச்சு நின்று ஆறு வருஷம்.

தூசிக்காக முதுகைத் திருப்பிக்கொண்டு
முந்நூறை மாட்டினேன்.
உதடு அசைகிறது.
விலை பேசுகிறானா,
தனக்குத்தானே பேசுகிறானா
சட்டம் நிற்கவில்லை.
நடுக்கம் தாங்கும் பொத்தானை அழுத்தியிருந்தும்
நிற்கவில்லை.

படம் எடுக்கவில்லை.

"நூத்தி நாப்பதே போதும் பாய்."
"கூந்தன்குளத்துப் பறவைக்கு எட்டாதே?"
"கிட்டப் போய்க்கிடுதேன்."

மூடி ஒன்று சும்மா தந்தார்.
பில்லில் என் இனிஷியலைத் தப்பாக எழுதினார்,
திருத்தச் சொல்லவில்லை.

திரும்பும்போது
பாலத்தின் கீழ்த்தட்டு வழியாக
வண்டியை உருட்டிக்கொண்டு போனேன்.